மச்சானின் வலது தோள்

“தூக்கு. கையைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டு. தெரு பூரா பாக்கட்டும்.”

“நான் என்ன போலீஸ்ல மாட்டுன கள்ளனா மாமி, கையைத் தூக்கிக்கிட்டு நிக்க?”

“கள்ளன்னாக்கூட தூக்கிருவாம்ல. உன்னால முடியாது. அதான் தூக்கச் சொல்லுதேன்.”

சலேத்தம்மாள் குரல் கொடுத்தால் நடுக்கடலில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பல் ஊதல் போட்டுப் பதில் சொல்லும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அன்று காலை அவள் நின்றது எங்கள் பலசரக்குக் கடைக்கு நேர் எதிரே. சண்டை பார்ப்பதற்காக நான் ஒருநாளும் கடையை விட்டு இறங்கியதில்லை. தூத்துக்குடியில் நல்ல சண்டைகளெல்லாம் தாமாகவே எங்கள் கடை வாசலுக்கு வந்துவிடும். என் வீட்டுக்காரர் காசிலிங்கம் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தராசு முள்ளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. வீட்டுக்கு ஒருவராவது நாலையும் பார்க்க வேண்டாமா? அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

மாதா கோவில் திருவிழா முடிந்து கொடி இறக்கிய வாரம் அது. யுத்தம் முடிந்து அடுத்த வருஷம். சலேத்தம்மாளுக்கு எதிரே நின்றவன் கஸ்பார். அவனுக்குப் பின்னால், வாசல் கதவைப் பிடித்தபடி அவன் தங்கை இஞ்ஞாசி. அவளைத்தான் சலேத்தம்மாளின் மகன் தொபியாசுக்குப் பேசி, கோவிலில் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. கல்யாணம் மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்து, தை மாதத்தில்.

“நேத்துப் பூசையில எங்கண்ணால பாத்தேன்,” என்றாள் சலேத்தம்மாள், இப்போது தெருவுக்கே திரும்பி. “சிலுவை போடும்போது எல்லாருக்கும் கை நெத்திக்குப் போவுது. இவனுக்கு நெத்தி கைக்கு வருது. தலையைக் குனிஞ்சு கையைத் தேடுதான். நாலு மாசமா முழுக்கைச் சட்டை, பையில ஒரு கை, கையில ஒரு லேஞ்சி. நானும் பெரிய துரையாயிட்டான்னுல்ல நெனச்சேன்.”

உண்மையைச் சொன்னால் தெருவே அப்படித்தான் நினைத்திருந்தது. கஸ்பார் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கைக்குட்டை முனை வெளியே தெரிய நடந்ததைப் பார்த்து, துறைமுகத்து ஆபீசில் அவனுக்கு வேலை ஆகப்போகிறது என்று ஆளுக்கொரு சம்பளம் நிர்ணயித்து வைத்திருந்தோம்.

சலேத்தம்மாள் இதற்காக ஏன் இவ்வளவு குதிக்கிறாள் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். தொபியாஸ் சங்கு குளிக்கிறவன். வள்ளத்திலிருந்து கயிற்றில் கட்டிய கல்லைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்கி, மூச்சு நிற்கும் மட்டும் சங்கு பொறுக்குவான். போதும் என்று இடுப்பில் கட்டிய இன்னொரு கயிற்றை ஒரு சுண்டு சுண்டியதும் வள்ளத்தில் நிற்கிறவன் இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் கீழே இருப்பவனின் உயிர் முழுக்க மேலே இருப்பவனின் தோளில்தான். அதனால் அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணனும் கயிற்றைத் தளர விடமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. எனவே குளிக்கிறவன் வீட்டிலிருந்து பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன்பே அவள் அண்ணனைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைப் பார்ப்பார்கள். மூக்கு கொஞ்சம் சப்பையான பெண்கள்கூட, அண்ணன் தோள் அகலமாக இருந்த புண்ணியத்தில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

சலேத்தம்மாளுக்கு இது வெறும் சம்பிரதாயமும் அல்ல. அவள் அண்ணன் கொழும்பில் கடை வைக்கப் போன வருஷம், அவள் புருஷனுக்குக் கூலிக்காரன் ஒருவன் கயிறு பிடித்தான். பீடி பற்றவைக்கத் திரும்பினானாம். அவ்வளவுதான். தொபியாசுக்கு இதுவரை கயிறு பிடித்த சித்தப்பாவுக்கும் இப்போது கண் மங்கிவிட்டது. கார்த்திகையில் குளி தொடங்கும்போது புது மச்சான் கஸ்பார்தான் வள்ளத்தில் நிற்க வேண்டும்.

இஞ்ஞாசி வாசலை விட்டு இறங்கி வந்தாள்.

“மாமி, ஒண்ணு கேக்கேன். கல்யாணம் எனக்கா, எங்க அண்ணன் தோளுக்கா?”

“ரெண்டுக்குந்தாம்ளா,” என்றாள் சலேத்தம்மாள், யோசிக்காமல்.

இந்த இடத்தில்தான் டாக்டரம்மா சைக்கிளில் வந்து இறங்கினாள்.

டாக்டர் ஜெயபாய்க்கு நாசரேத் பக்கம். யுத்த காலத்தில் பூனாவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தவள். குண்டடி பட்டுக் கையும் தோளும் மரத்துப்போன சிப்பாய்களை மறுபடி கை வீச வைப்பதுதான் அங்கே வேலையாம். பட்டாளம் கலைந்ததும், கடல் தொழிலாளிகளின் எலும்பு, தசை, மூட்டு எல்லாம் வேலையால் எப்படிக் கெடுகின்றன, எப்படிச் சரியாகின்றன என்று ஆராய்ச்சி பண்ண சென்னைக் கல்லூரி ஒன்று அவளை இங்கே அனுப்பியிருந்தது. எங்கள் வீட்டின் பின்கட்டில்தான் குடியிருந்தாள். பின்கட்டுக்கும் எங்கள் முற்றத்துக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரை மறக்காதீர்கள், பின்னால் வருகிறது.

வந்த நாளிலிருந்து அவள் செய்ததெல்லாம் ஆண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னதுதான். பள்ளிக்கூடத்துக் கோணமானிக்கு ஒரு பாட்டன் இருந்தால் எப்படி இருப்பான், அந்த அளவில் மரத்தில் ஒரு கருவி வைத்திருந்தாள். அதைத் தோளில் வைத்து, கை எவ்வளவு தூரம் மேலே போகிறது, பின்னால் போகிறது, முதுகு எவ்வளவு வளைகிறது என்று குறிப்பாள். குளிக்கிறவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னால் கழற்றுவதில் அவர்களுக்குத் தயக்கமே இல்லை. கயிறு பிடிக்கிறவர்களில் ஒரு சிலர் வந்தார்கள். வந்த அத்தனை பேருக்கும் தோள் தேக்குமரம். ஒருவனுக்கும் ஒரு நோவும் இல்லை. இந்தக் கடற்கரையில் கயிறு இழுப்பதால் தோள் கெடுவதில்லை என்று சென்னைக்கு எழுதிப்போடக்கூட இருந்தாள்.

சலேத்தம்மாள் மறுபடி முதலிலிருந்து பேசியதை டாக்டரம்மா சைக்கிளைப் பிடித்தபடி முழுதும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சண்டைக்கு நடுவே சந்தோஷப்படுகிற முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன், கண்ணாடியில் பார்ப்பதைத் தவிர. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தோள் நல்லா இருக்கிறவன் மட்டும்தான் அவளிடம் வந்திருக்கிறான். தோள் கெட்டவன், தங்கச்சி கல்யாணமோ தங்கச்சி புருஷனோ ஞாபகம் வந்து, அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

“அவரால தூக்க முடியாதும்மா,” என்றாள் சலேத்தம்மாளிடம், மழை வரும் என்று சொல்வது போல. “அவர் சட்டைப் பொத்தானை வேற யாரோதான் போட்டு விடுதாவ. மேல் பொத்தான் ஒவ்வொண்ணும் தப்பு ஓட்டையில கெடக்கு.”

இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டாள். கஸ்பார் டாக்டரம்மாவைப் பார்த்த பார்வையில் நானாக இருந்தால் சைக்கிளில் ஏறிப் போயிருப்பேன்.

“ஆனா கார்த்திகைக்கு முன்ன தூக்குவார். கயிறும் இழுப்பார். அது என் பொறுப்பு.”

தெருவில் யாரோ சிரித்தார்கள். சலேத்தம்மாள் சிரிக்கவில்லை. குளிக்கு வள்ளங்கள் இறங்கும் அன்று, கடலுக்குள் நீண்டிருக்கும் பழைய பாலத்து முனையில், ஊர் பார்க்க, கஸ்பார் தன் மகனை அடியிலிருந்து இழுத்து மேலே கொண்டுவர வேண்டும் என்றாள். வந்தால் கல்யாணம். இல்லாவிட்டால் கோவிலில் வாசித்த ஓலையைப் பற்றிச் சாமியாரிடம் அவள் பேசிக்கொள்வாள். புன்னைக்காயலில் அவளுக்கு வேறு ஒரு பெண் தயாராக இருக்கிறதாம்.

“அவளுக்கு மூணு அண்ணன்மாரு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். “ஆறு கை.”

இவ்வளவு நடந்தபோதும் மாப்பிள்ளை தொபியாஸ் எங்கள் கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்தால் மூச்சு வீணாகும் என்று நினைக்கிற ஆள். அம்மா போனபின் எழுந்து, இஞ்ஞாசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கால் ரூபாய்க்குச் சுக்கு வாங்கிக்கொண்டு போனான்.

கஸ்பாரின் கதை அன்று மத்தியானமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதாவது, சுவரோரம் வடகம் காயப்போட எனக்கு வேலை இருந்தது. போன குளியின் கடைசி நாட்களில் வேறொருவன் வள்ளத்தில் கயிறு பிடித்தபோது கல் ஒன்று கடலடிப் பாரில் சிக்கிக்கொள்ள, உடம்பைத் திருப்பி ஒரே வெட்டாக இழுத்திருக்கிறான். தோளுக்குள் மளுக் என்றது. நோவு தாளவில்லை. சொன்னால் தங்கச்சிக்குப் பேசிய இடம் போய்விடும். எனவே கையை அசைத்தால்தானே முகம் சுளிக்கும், அசைக்காமலே இருந்துவிடுவோம் என்று பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்குள் முட்டைப் பத்துப் போட்டுக் கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடந்தான். நோவு குறைந்தது. கூடவே கையும் நின்றுவிட்டது.

“பட்ட அடி சின்னது. அது ஆனியிலேயே ஆறியிருக்கும்,” என்றாள் டாக்டரம்மா. “மூட்டைச் சுத்தி ஒரு பை மாதிரி இருக்கு. அசைக்காமப் போட்டா அது சுருங்கி ஒட்டிக்கிடும். கையை ஒளிச்சு வச்சீங்கள்லா, அதுதான் உங்களுக்கு வியாதி.”

மருந்து தருவாள் என்று நினைத்திருப்பான். அவள் கொடுத்தது எங்கள் கடையிலிருந்து வாங்கிய பழைய இரும்புப் படிக்கல் ஒன்று. குனிந்து நின்று, அதைக் கையில் தொங்கவிட்டு, கோவில் மணியின் நாக்கு மாதிரி கையை ஆட்ட வேண்டும். அடுத்தது, வேப்பமரக் கிளையில் ஒரு கப்பி. கயிற்றின் ஒரு முனை கஸ்பாரின் வலது கையில், மறுமுனை இஞ்ஞாசியின் கையில். அவள் மெல்லக் கீழே இழுக்க இழுக்க அண்ணன் கை மேலே போகும்; அவன் பல் கடிக்கும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். மூன்றாவதாக அந்தச் சுவர். சுவருக்கு முன்னால் நின்று, வலது கை விரல்களால் ஒவ்வொரு சாணாக மேலே நடக்க வேண்டும். எங்கே விரல் நிற்கிறதோ அங்கே கரிக்கோடு. நாளைக்கு அதற்கு மேலே.

முதல் நாள் கோடு அவன் நெஞ்சுக்கு நேரே நின்றது. சுவர் என்னுடையது என்பதால் அளவு எனக்கு நன்றாகத் தெரியும்.

இதை நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கடைக்கு வந்தவர்கள் கேட்டபோது பதில் சொன்னேன், அவ்வளவுதான். எப்படியோ இரண்டு வாரத்துக்குள் கடற்கரையில் அவனுக்குப் ‘பல்லி’ என்று பெயர் விழுந்துவிட்டது. வள்ளங்களுக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் அடிக்கிற இடத்தில் அவன் போனால், பல்லி சொல்லுது என்று உச்சுக்கொட்டினார்களாம். பலன்கூட கேட்டார்களாம், வலது பக்கம் சொன்னால் நல்லதா என்று. கஸ்பார் சுவர்ப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான்.

டாக்டரம்மா தேடிப் போகவில்லை. வருவார் என்று சொல்லிவிட்டு மற்றவர்களின் முதுகைக் குறித்துக்கொண்டிருந்தாள். தேடிப் போகாதது எனக்கே கொஞ்சம் வருத்தம்; பின்கட்டு வெறிச்சென்று இருந்தது. வழிக்குக் கொண்டுவந்தது இஞ்ஞாசி. அவள் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. இனிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு காலையில் கஸ்பார் திறந்த சட்டை காற்றில் பறக்க, தோணியில் கிழிந்த பாய் போல எங்கள் கடையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனான். காசிலிங்கம்கூடத் தராசிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அன்றிலிருந்து கரிக்கோடு ஏற ஆரம்பித்தது.

இதற்கிடையில் இன்னொரு விஷயம். சலேத்தம்மாளின் கொண்டை. வாலிபத்திலிருந்தே நடுப்பிடரியில் எடுப்பாக, தேங்காய் மூடி அளவுக்கு முடிகிறவள் அவள். கொஞ்ச நாளாக அது இடது காதுக்குப் பக்கமாக நகர்ந்து வந்திருந்தது. புது மோஸ்தர் என்று சிலர் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. ரவிக்கை முடிச்சுப் போடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உப்பு வாங்க வந்த சலேத்தம்மாள் மேல் பலகையில் இருந்த டப்பாவை எட்டி எடுக்காமல், எடுத்துக்கொடு என்று என்னிடம் சொன்னதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இந்த நோவு எத்தன மாசமா?” என்றாள்.

சலேத்தம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கடையில் காசிலிங்கமும் நானும் தவிர யாருமில்லை. காசிலிங்கத்தை அவள் ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை, என்னை எடுத்திருக்கலாம்.

“சித்திரையிலேருந்து,” என்றாள், அந்தக் குரலில் இவ்வளவு சன்னமும் உண்டா என்று நான் அதிசயிக்கும்படி. “வலது கைதான். படுத்தா அந்தப் பக்கம் திரும்ப முடியல. நான் கயிறும் இழுக்கல, கல்லும் இழுக்கல. எனக்கு எதுக்கு வரணும்?”

உங்கள் வயதில் பெண்களுக்கு ஒரு காரணமும் இல்லாமலே வரும், ஏன் என்று எங்களுக்கே இன்னும் தெரியாது என்றாள் டாக்டரம்மா. படித்தவர்கள் தெரியாது என்று அவ்வளவு தைரியமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மருந்து என்னவோ அதேதான். படிக்கல், கப்பி, சுவர்.

ஆனால் பின்கட்டு வாசலில் சலேத்தம்மாள் நுழைவதைத் தெரு பார்த்தால் என்ன ஆவது? கஸ்பாரைக் கையைத் தூக்கச் சொன்ன வாயல்லவா அது. அதனால் அவள் கடைக்குள் வந்து, எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, முற்றத்துப் பக்கமிருந்து அதே சுவரில் ஏறினாள். தினமும் மத்தியானம் கருப்பட்டி வாங்குகிற சாக்கு. அந்த மூன்று மாதத்தில் அவள் வீட்டுக்குப் போன கருப்பட்டிக்குத் தெருவே சர்க்கரை வியாதிக்காரத் தெருவாகியிருக்க வேண்டும். கஸ்பார் காலையில் அந்தப் பக்கம், சலேத்தம்மாள் மத்தியானம் இந்தப் பக்கம். எங்கள் முற்றம் மண்ணடித்து உயர்த்தியது. பின்கட்டுத் தரை பள்ளம். ஆகவே நெடியவனான அவனுக்கும் குட்டையான அவளுக்கும் சுவர் ஏறத்தாழ ஒரே உயரம். இரண்டு பக்கமும் கரிக்கோடு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்கள் டாக்டரம்மாவும் நானும்தான். அவள் பேசவில்லை. நான் பேசாதிருந்தது என் ஆயுளிலேயே அந்த ஒரு முறைதான், அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் கஸ்பாருக்குக் காலையில் வள்ளத்தில் கீல் அடிக்கிற வேலை வந்துவிட்டது. மத்தியானம் வந்தான். சலேத்தம்மாள் இந்தப் பக்கம் சுவரில் பாதி ஏறியிருந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் விரல் நடக்கும் சத்தம் கேட்டது, சுண்ணாம்புக் காரையில் நகம் உரசுகிற சத்தம். இந்தப் பக்கமும் அதே சத்தம். எலி என்று இருவருமே நினைத்திருக்கலாம். சலேத்தம்மாள் கண்ணை மூடி, மாதாவின் அருள் நிறைந்த மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே விரலை நகர்த்தினாள். அன்று அவள் கை முதல்முறையாகச் சுவர் உச்சியைத் தொட்டது. தொட்ட இடத்தில் இன்னொரு கை இருந்தது.

இரண்டு பேரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டு ஏற்றிய கையை யார் சட்டென்று இறக்குவார்கள்? இறக்குவதுதான் ஏற்றுவதைவிட நோவு.

“யாரு?” என்றாள் சலேத்தம்மாள்.

“கஸ்பார், மாமி. நீங்களா?”

முறத்தை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அரிசி சத்தம் இடைஞ்சலாக இருந்தது. அவள் ஏசப்போகிறாள் என்றுதான் காத்திருந்தேன்.

“ஏலே, பாயில படுத்தா உனக்கும் இப்படித்தான் கடுக்குமா?”

“கடுக்கும். உக்காந்துதான் ஒறங்குவேன்.”

“இதோடயா தெருவுல சிரிச்சுக்கிட்டு நடந்தே?”

“நடக்காம?” என்றான் அவன். “தங்கச்சி இருக்கால்லா.”

சலேத்தம்மாள் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். கை இன்னும் மேலே இருந்தது. இந்த முறை அவள் குரல் தெருவுக்குக் கேட்காது. எனக்கே காதைத் தீட்ட வேண்டியிருந்தது.

“எம் புள்ளைய மேல கொண்டாந்திருவியா?”

“பழைய மாதிரி ஒத்தக் கையில இழுத்தா கொண்டார மாட்டேன், மாமி. பொய் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா வேற மாதிரி நிக்கச் சொல்லிக் குடுத்திருக்காவ. அப்படி இழுத்தா கொண்டாருவேன்.”

அந்த ‘வேற மாதிரி’யை டாக்டரம்மா தினமும் அவனுக்கு நடத்திக்கொண்டிருந்தாள். எங்கள் கடற்கரையில் கயிறு பிடிக்கிறவன் வள்ளத்தின் விளிம்பில் ஒரு பக்கமாக ஒருக்களித்து நின்று, வலது தோளை முன்னே விட்டு, இடுப்பைத் திருகி இழுப்பான். பார்க்க அழகாக இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் மெச்சுவது அந்தத் திருகலைத்தான். தோளைத் தின்பதும் அதுதான் என்றாள் டாக்டரம்மா. கயிற்றுக்கு நேர் முகமாக நின்று, காலை வள்ளத்தின் உள்விலா மாதிரி இருக்கும் வங்குக்கட்டையில் முட்டுக்கொடுத்து, முட்டி மடக்கி, கைமாற்றிக் கைமாற்றி இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். பாரம் தோளுக்குப் போகாமல் தொடைக்குப் போகும். வேப்பமரக் கப்பியில் மண்மூட்டையைக் கட்டி அதையே திரும்பத் திரும்பச் செய்தான்.

வள்ளங்கள் இறங்குகிற அன்று சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பழைய பாலத்தில் கால்வைக்க இடமில்லை. காசிலிங்கத்தைக் கடையில் விட்டுவிட்டு நானும் போயிருந்தேன். ஒரு வீட்டுக்காரி என்ற முறையில் டாக்டரம்மாவுக்குத் துணையாக. வள்ளத்தை ஆழமான இடத்தில் நிறுத்தினார்கள். தொபியாஸ் கல்லில் கால்வைத்து, கயிற்றைப் பிடித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினான். அடியில் அவன் விட்ட கல் முதலில் தன் கயிற்றில் மேலே வந்தது. கஸ்பார் இரண்டு கையாலும் இழுத்து அதை வள்ளத்தில் போட்டான். பாலத்தில் சிரிப்பு எழுந்தது.

“பல்லி கிணத்துல தண்ணி எறைக்குதுடே,” என்றான் ஒருவன்.

இஞ்ஞாசி என் பக்கத்தில் நின்றாள். முந்தானை முனையைப் பல்லில் கடித்திருந்தாள். சலேத்தம்மாள் தண்ணீரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தொபியாசின் இடுப்புக் கயிறு சுண்டியது. கஸ்பார் முட்டியை மடக்கினான். கயிறு விறைத்தது, வழக்கத்தைவிட அதிகமாக விறைத்தது. அவன் முகம் சுளித்ததை எல்லோரும் பார்த்தார்கள், இப்போது அதை அவன் மறைக்கவில்லை. ஒரு கை, மறு கை, ஒரு கை, மறு கை. தொபியாசின் தலை வந்தது, தோள் வந்தது, இடுப்பில் கட்டிய வலைப்பை வந்தது. பை நிறையச் சங்கு இல்லை. பாறாங்கல். பாலத்தடியில் கிடந்ததையெல்லாம் அள்ளித் திணித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

“இது என்ன வேலை மாப்ள?” என்று கஸ்பார் மூச்சிரைத்துக் கேட்டான்.

தொபியாஸ் விளிம்பைப் பிடித்து ஏறினான். “பாத்துக்கிட்டேன், மச்சான்,” என்றான். அந்த மாதத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

சிரித்தவன் இன்னும் அடங்கவில்லை. என்ன இருந்தாலும் பொம்பளை தண்ணி எறைக்கிற மாதிரிதானே என்றான். சலேத்தம்மாள் திரும்பினாள். பழைய குரல் திரும்பி வந்திருந்தது; கப்பல் பதில் சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை.

“எறைச்சா என்னலே? மேல வந்தது வாளியா? எம் புள்ளல்லா வந்திருக்கான்.”

சொல்லும்போது கையை உயர்த்தி அவனை நோக்கி நீட்டினாள். வலது கை. தலைக்கு மேலே. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, நூற்றைம்பது டிகிரி இருக்கும் என்று மெல்லச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பின்கட்டில் கூட்டம் தாளவில்லை. கயிறு பிடிக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தருவைகுளத்திலிருந்துகூட வந்தார்கள். எல்லோரும் தங்களுக்கு ஒன்றுமில்லை, கூட்டாளி ஒருவனுக்குத்தான் தோள் சரியில்லை, அவனுக்காக விசாரிக்க வந்தோம் என்றார்கள். டாக்டரம்மா அந்தக் கூட்டாளிக்காக இவர்களுடைய சட்டையைக் கழற்றச் சொன்னாள். பாதிப் பேருக்குமேல் வலது தோள் கெட்டிருந்தது. பல்லி என்று உச்சுக்கொட்டியவன் தோள்தான் அதில் மோசம். அவனும் என் சுவரில்தான் ஏறினான். இழுக்கிற விதத்தை மாற்றினால் தோள் எவ்வளவு தேறுகிறது என்று அடுத்த குளி வரைக்கும் இருந்து பார்த்துத்தான் அவள் தன் ஆராய்ச்சியை முடித்தாள். சென்னையில் பெரிய டாக்டர்கள் சபையில் படித்தாளாம். கைதட்டினார்களாம். அவர்களில் யாரும் தங்கச்சிக்காகத் தோளை மறைத்திருக்க மாட்டார்கள் என்பதால் எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை.

இஞ்ஞாசிக்கும் தொபியாசுக்கும் சொன்னபடி தையில் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குக் கொண்டை போட்டுவிட்டது மாமியார்தான், நடுப்பிடரியில், எடுப்பாக. கஸ்பார் அடுத்த வருஷம் கட்டினான். யாரை என்கிறீர்கள்? அந்தப் புன்னைக்காயல் பெண்ணைத்தான், சலேத்தம்மாளே பேசி முடித்தாள். கஸ்பார் குளிக்கிறவன் இல்லையாதலால் மூன்று மச்சான்மாருக்கும் பிடிக்கக் கயிறு இல்லை. கல்யாண வீட்டில் ஆறு கையும் சாப்பாட்டில்தான் வேலை செய்தது. சலேத்தம்மாள் பின்னால் அண்ணனைப் பார்க்கக் கொழும்புக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். இங்கே தெரு கொஞ்சம் செவிடானது போலத்தான் இருக்கிறது.

டாக்டரம்மா பம்பாய்க்குப் போனாள், அங்கே கப்பல்துறையில் மூட்டை தூக்குகிறவர்களின் முதுகைப் பார்க்க. போகும்போது சுவருக்கு வெள்ளையடித்துத் தருகிறேன் என்றாள்; வேண்டாம் என்றுவிட்டேன். பம்பாயில் ஒரு மராட்டிக்காரரைக் கட்டிக்கொண்டாள் என்று நாசரேத்திலிருந்து சரக்கெடுக்க வந்தவர் சொன்னார். ஆள் எப்படி, என்ன உயரம், என்ன உத்தியோகம் என்று கேட்டேன். அதெல்லாம் அவருக்குத் தெரியாதாம். தோள் நன்றாக இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.